மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை ஏன் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது? பிளஸ் ஒன் வேதியியல் சொல்லும் பதில்

1/
மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. ஒரு உயிரைக் காப்பாத்தக் கூடிய விஷயம் உள்ளே இருக்கு.

நீட் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

"டாக்டராகப் போறவங்களுக்கு மூலக்கூறு வடிவம், பிணைப்புக் கோணம் எல்லாம் எதுக்கு சார்? ஊசி போடறப்ப 104.5 டிகிரி பார்த்தா குத்துவீங்க?"

நியாயமான கேள்விதான். ஊசி குத்த அந்தக் கோணம் தேவையில்லை. ஆனா ஊசிக்குள்ள இருக்கிற மருந்து மூளை வரைக்கும் போகுமா, ரத்தத்தோட நின்னுடுமா என்பதை முடிவு பண்றதில் அந்தப் பாடத்துக்கு முக்கியமான பங்கு இருக்கு. விஷம் குடிச்சவருக்கு எதைச் செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்பதையும் அதை வச்சுத்தான் புரிஞ்சுக்க முடியும்.

2/
முதல்ல நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணுல இருந்து தொடங்குவோம்.

குற்றாலத்தில் சீசன் நேரம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்ச்சு, ஆயில் மசாஜ் முடிச்சு, பேரருவிக்குக் கீழே போய் நிற்கிறோம். அவ்வளவு உயரத்தில் இருந்து தண்ணி முதுகுல இடி மாதிரி இறங்குது. அரை மணி நேரம் நின்னாலும் எண்ணெய்ப் பிசுக்கு முழுசா போகாது.

வீட்ல ஆச்சி ஒரு கைப்பிடி சீயக்காய்த் தூளைக் கரைச்சுக் கொடுத்தா, ஒரே சொம்புத் தண்ணியில போயிடும்.

அப்போ விஷயம் தண்ணியோட வேகத்துல இல்ல. தண்ணிக்கும் எண்ணெய்க்கும் ஒட்டவே மாட்டேங்குது. ஏன் ஒட்டல?

3/
இந்த 'ஏன்'-க்குத் தான் பதினொன்றாம் வகுப்பு வேதிப்பிணைப்புகள் பாடம் பதில் சொல்லுது. ரெண்டே படி.

முதல் படி: பிணைப்பு.

ரெண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கிட்டா அது சகப்பிணைப்பு. ஆனா பங்கு எப்பவும் சமமா இருக்காது. சில அணுவுக்கு இழுக்கிற பலம் அதிகம். இதுக்குப் பேரு எலக்ட்ரான் கவர்தன்மை. லினஸ் பாலிங் 1932-ல் இதுக்கு ஒரு அளவுகோலே போட்டுக் கொடுத்தார்.

அந்த அளவுகோலில்:
ஹைட்ரஜன் 2.20
கார்பன் 2.55
பாஸ்பரஸ் 2.19
கந்தகம் 2.58
குளோரின் 3.16
ஆக்ஸிஜன் 3.44

இந்த எண்களை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இதுதான் நமக்குத் துணை.

4/
ரெண்டு அணுக்களோட எண்ணுக்கு நடுவுல வித்தியாசம் பெருசா இருந்தா, எலக்ட்ரான்கள் பலசாலி பக்கம் சாயும். அந்தப் பக்கம் லேசா எதிர் மின்சுமை, இந்தப் பக்கம் லேசா நேர் மின்சுமை. அது முனைவுள்ள பிணைப்பு.

ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன்: வித்தியாசம் 1.24. நல்ல இழுவை.
கார்பன்-ஹைட்ரஜன்: வித்தியாசம் 0.35. இழுவைன்னு சொல்லவே கூச்சமா இருக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தின்னர் இதெல்லாம் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த மூலக்கூறுகள். பிணைப்பிலேயே இழுவை இல்லாததால மூலக்கூறு எந்த வடிவத்தில் இருந்தாலும் அது முனைவற்றதுதான். நல்லெண்ணெயிலும் பெரும்பகுதி இதே கார்பன்-ஹைட்ரஜன் வால்தான்.

5/
ரெண்டாவது படி: வடிவம். இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க.

பிணைப்புகள் முனைவுள்ளதா இருந்தா மூலக்கூறும் முனைவுள்ளதுன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல.

நம்ம தென்காசி காசிவிசுவநாதர் கோவில் தேரை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு பிணைப்பும் ஒரு வடம். ஊரே கூடி இழுத்தாலும், பாதிப் பேர் கிழக்கேயும் மீதிப் பாதி மேற்கேயும் அதே பலத்தோட இழுத்தா தேர் நகருமா? நகராது. அதனால யாரும் இழுக்கலன்னு அர்த்தம் இல்ல. இழுத்ததெல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டுப் போச்சு, அவ்வளவுதான்.

அதே ஆளுங்க ரெண்டு வடத்தையும் கொஞ்சம் விரிச்சு, ஆனா முன்பக்கமாகவே இழுத்தா? தேர் ரெண்டு வடத்துக்கும் நடுவுல நேரா நகரும்.

தேர் நகர்ந்தா முனைவுள்ள மூலக்கூறு, நின்னா முனைவற்றது. எத்தனை பேர் இழுத்தாங்கன்னு மட்டும் பார்த்தா போதாது, எந்தத் திசையில இழுத்தாங்கன்னும் பார்க்கணும். இந்த நிகர இழுவைக்குப் பாடத்தில் இருமுனைத் திருப்புத்திறன்னு பேரு. அளவு டிபை. இதை ஆராய்ஞ்ச பீட்டர் டிபை 1936-ல் வேதியியல் நோபல் வாங்கினார்.

6/
இப்ப நேரடி உதாரணம்.

கார்பன் டை ஆக்ஸைடு: நடுவுல கார்பன், ரெண்டு பக்கமும் ஆக்ஸிஜன். வித்தியாசம் 0.89. நல்ல இழுவைதான். ஆனா நடுக் கார்பன்ல தனித்த எலக்ட்ரான் இரட்டை எதுவும் மிச்சம் இல்ல. அதனால ரெண்டு ஆக்ஸிஜனும் முடிஞ்ச அளவு தள்ளி, 180 டிகிரியில் நேர்கோடா நிற்குது. கிழக்கும் மேற்கும் சம பலம். நிகரம் பூஜ்ஜியம்.

தண்ணீர்: நடுவுல ஆக்ஸிஜன். அதுல பிணைப்புக்குப் போகாத ரெண்டு எலக்ட்ரான் இரட்டைகள் உட்கார்ந்திருக்கு. அதுங்க இடத்தை அடைச்சுக்கிட்டு, ரெண்டு ஹைட்ரஜனையும் ஒரு பக்கமாத் தள்ளுது. கோணம் 104.5 டிகிரி. வளைஞ்ச வடிவம். இழுவை ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம். நிகரம் 1.85 டிபை.

ரெண்டிலும் மூணு அணு, ரெண்டிலும் முனைவுள்ள பிணைப்பு. ஒண்ணு நாம மூச்சுல விடற வாயு. இன்னொண்ணு நம்ம உடம்புல பாதிக்கு மேல இருக்கிற திரவம். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் அந்த வளைவு.

7/
தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணோட நேர்முனை இன்னொண்ணோட எதிர்முனையைப் பிடிச்சு, கைகோத்து நிற்குது. உப்பு, சர்க்கரை மாதிரி மின்சுமையோ முனையோ இருக்கிற பொருள் வந்தா "வா, உனக்கும் கை கொடுக்கறேன்"னு சேர்த்துக்கும்.

எண்ணெய்க்கு நீட்ட முனையே இல்ல. தண்ணி தங்களுக்குள்ள கோத்த கையை விட்டுட்டு எண்ணெயைப் பிடிக்க வராது. அதான் ஒட்டல.

சீயக்காயில இருக்கிற சப்போனின், சோப்பு ரெண்டும் ஒரு முனையால எண்ணெயையும் மறுமுனையால தண்ணியையும் பிடிக்கிற தரகர்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை இருக்கு. "இவ்வளவு தண்ணியில கரைஞ்சு போயிடும்ல"ன்னு சிலர் சொல்றாங்க. கரையாது மக்களே. சிற்றாறு வழியா கீழே குடிக்கிறவங்க, பாய்ச்சறவங்க வரைக்கும் படலமா போகும்.

8/
சரி, இதுக்கும் கேஷுவாலிட்டிக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம உடம்பு முழுக்க இதே எண்ணெய்-தண்ணி கதைதான். ரத்தம் தண்ணி சார்ந்தது. ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்கிற உறை கொழுப்பால ஆனது. மூளையைச் சுத்தி இருக்கிற ரத்தத் தடுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முனைவற்ற சின்ன மூலக்கூறு இந்தக் கொழுப்புச் சுவரை யாரையும் கேட்காம தாண்டிடும். மின்சுமையோ வலுவான முனையோ உள்ளது வாசல்ல நின்னு, தனக்குன்னு ஒரு கதவு திறந்தாத்தான் போக முடியும். சோடியத்துக்கு ஒரு கதவு, குளுக்கோஸுக்கு ஒரு கதவு.

நாம ஒவ்வொரு மூச்சிலும் இதைப் பயன்படுத்தறோம். கார்பன் டை ஆக்ஸைடு நேர்கோடா இருக்கிறதால கொழுப்புச் சுவரைச் சுலபமா தாண்டும். ஆனா உள்ளே இழுபறி இருக்கிறதால தண்ணியோடவும் கொஞ்சம் ஒத்துப்போகும். அதனாலதான் நுரையீரல் சவ்வுல ஆக்ஸிஜனை விட சுமார் 20 மடங்கு சுலபமா ஊடுருவுது. ரத்தத்துல தூக்கிட்டுப் போக, உடம்பு அதில் பெரும்பகுதியை பைகார்பனேட்டா, அதாவது மின்சுமை உள்ளதா மாத்திக்குது. நுரையீரல் வந்ததும் திரும்ப வாயுவாக்கி வெளியே அனுப்புது.

9/
வடிவத்தைக் கவனிக்கணும்ங்கறதுக்கு நம்ம மக்களோட சரித்திரத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு.

நூறு வருஷத்துக்கு முன்னாடி தமிழகத்தில் இருந்து கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவங்க லட்சக்கணக்கில். வெறுங்காலோட ஈர மண்ணுல வேலை. கொக்கிப்புழு காலைத் துளைச்சு உடம்புக்குள்ள ஏறும். குடல்ல தங்கி ரத்தம் உறிஞ்சும். ரத்தசோகையில வெளுத்துப் போய் வேலை செய்ய முடியாம விழுந்தவங்க ஏராளம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-ல் இருந்து அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது.

1921-ல் அமெரிக்காவின் மாரிஸ் ஹால் ஒரு புது மருந்து சொன்னார்: கார்பன் டெட்ரா குளோரைடு. மலிவு, ஒரே வேளை, சில மில்லி போதும். உலகம் முழுக்கப் பரவுச்சு. 1922-லேயே இலங்கையிலும் கொடுத்தாங்க.

10/
இந்த மூலக்கூறைப் பாருங்க. நடுவுல ஒரு கார்பன், சுத்தி நாலு குளோரின். ஒவ்வொரு பிணைப்பிலும் வித்தியாசம் 0.61. நாலு வடம், நாலும் நல்லா இழுக்குது.

ஆனா வடிவம் நான்முகி. 109.5 டிகிரி இடைவெளியில் நாலு மூலையைப் பார்த்து நாலு வடம். எந்த மூணு வடத்தைச் சேர்த்தாலும் நாலாவதோட பலத்துக்குச் சரியா சமம், எதிர்த் திசை. தேர் ஒரு அங்குலம் நகராது. நிகரம் பூஜ்ஜியம்.

இப்ப ஒரு குளோரினை எடுத்துட்டு ஹைட்ரஜனை வைங்க. பழைய சினிமாவுல கைக்குட்டையில வச்சு மூக்கைப் பொத்துவாங்களே, அந்த குளோரோஃபார்ம். இழுக்கிற வடம் நாலில் இருந்து மூணாக் குறைஞ்சது. ஆனா சமநிலை உடைஞ்சதால தேர் நகருது. சுமார் 1 டிபை.

இழுக்கிறவங்க குறைஞ்சும் முனைவு கூடிருச்சு. ஒரு லிட்டர் தண்ணியில கார்பன் டெட்ரா குளோரைடு ஒரு கிராம் கூட முழுசா கரையாது. குளோரோஃபார்ம் அதைப் போல சுமார் பத்து மடங்கு கரையும்.

11/
இதனால நோயாளிக்கு என்ன ஆச்சு?

கார்பன் டெட்ரா குளோரைடு தண்ணியில கரையாது, கொழுப்புல நல்லா கரையும். குடல்ல புழுவோட சண்டை போட்டுட்டு மலத்தோட போயிட்டா நல்லது. ஆனா வயித்துல எண்ணெயோ கொழுப்புச் சாப்பாடோ இருந்தா, அதுல ஏறிக்கிட்டு ரத்தத்துக்குள்ள போயிடும். கல்லீரலுக்குப் போனா அங்கே உடைஞ்சு செல்களை எரிச்சுடும். ஏற்கனவே சாராயம் குடிக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பலனும் இருந்தது, மரணங்களும் நடந்தது.

அதனால அந்தக் கால டாக்டர்கள் கத்துக்கிட்ட விதி: கொழுப்பு கூடாது, சாராயம் கூடாது, பேதிக்கு விளக்கெண்ணெய் வேண்டாம், பேதி உப்பு கொடு. விளக்கெண்ணெய் விஷத்தை உள்ளே கூட்டிட்டுப் போகும். உப்பு போகாது.

இன்னைக்கு அந்த மருந்து புழக்கத்திலேயே இல்ல. பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்னைக்குக் கொடுக்கிறது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். பாதுகாப்பானது, தயங்காம கொடுங்க.

அதே அல்பெண்டசோலை மூளையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறவங்களுக்குக் கொடுக்கும்போது நாங்களே சொல்வோம்: "கொழுப்புள்ள சாப்பாட்டோட சாப்பிடுங்க." அங்கே மருந்து ரத்தத்துக்குள்ள போகணும். வேதியியல் ஒண்ணுதான், தேவைக்கு ஏத்த மாதிரி நாம பயன்படுத்திக்கறோம்.

12/
இப்ப தலைப்புக்கு வருவோம். மண்ணெண்ணெய்.

கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி அடுப்படி மூலையில வைப்போம். ஒரு வயசு, ரெண்டு வயசுப் பிள்ளை தவழ்ந்து போய் எடுத்து ஒரு மடக்கு குடிச்சுடும். இப்ப மண்ணெண்ணெய் குறைஞ்சாலும் பெயிண்ட் தின்னர், டர்பன்டைன், கொசு விரட்டி ரீஃபில் எல்லாம் வீட்ல இருக்கு. கொசு விரட்டித் திரவத்தில் பெரும்பாலும் அடிப்படையே மண்ணெண்ணெய் வகைதான்.

உடனே அக்கம் பக்கத்துல இருந்து யோசனைகள் வரும். "உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வை." "தொண்டையில விரல விடு." "தேங்காண்ணெய் கொடு, முறிச்சிரும்."

எல்லாமே அக்கறையில சொல்றதுதான். எல்லாமே ஆபத்து.

13/
ஏன்?

மண்ணெண்ணெய் வயித்துக்குள்ள போனா பெரிய அளவுல ரத்தத்துல சேராது. அதோட ஆபத்தான இடம் நுரையீரல்.

முனைவு இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள். ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிற பலம் ரொம்பக் கம்மி. அதனால தண்ணியை விட மேற்பரப்பு இழுவிசை குறைவு, ஒரு சொட்டு விழுந்தாலும் படலமா பரவிடும். நல்லெண்ணெயும் எண்ணெய்தான், ஆனா நீளமான கனமான மூலக்கூறுங்கறதால கெட்டியா, மெதுவா ஓடும். மண்ணெண்ணெய் அப்படி இல்ல.

வாந்தி எடுக்கும்போது அது திரும்ப தொண்டைக்கு வரும். அங்கே இருந்து மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு மில்லிக்கும் குறைவா போனாக்கூட போதும்.

நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள்ள ஒரு வழவழப்பான பூச்சு இருக்கு. அதுவும் சோப்பு மாதிரி ஒரு முனை தண்ணிக்கு, மறுமுனை கொழுப்புக்கு. பைகள் சுருங்கி ஒட்டிக்காம காக்கிறது அதுதான். மண்ணெண்ணெய் அந்தப் பூச்சைக் குலைச்சிடும். பைகள் ஒட்டிக்கும். நிமோனியா மாதிரி ஆகும்.

ஒரு தடவை தொண்டையைத் தாண்டி வயித்துக்குப் போனதை, வாந்தி எடுக்க வச்சு ரெண்டாவது தடவை அதே தொண்டை வழியா வரவைக்கிறோம். அதான் கூடாது.

14/
"ஆஸ்பத்திரியில டியூப் போட்டுக் கழுவல, சும்மா படுக்க வச்சிருக்காங்க"ன்னு வார்டுல சண்டைக்கு வர்றவங்களும் உண்டு. கோபம் புரியுது. ஆனா மண்ணெண்ணெய்க்குப் பொதுவா வயித்தைக் கழுவ மாட்டோம். காரணம் இதேதான். கழுவும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குப் போயிடும்.

பிள்ளை சும்மா படுத்திருக்கலை. மூச்சு எத்தனை, ஆக்ஸிஜன் எவ்வளவு, இருமல் இருக்கா, மயக்கம் வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்போம். குறைஞ்சது 6 மணி நேரம். ஆரம்ப எக்ஸ்ரே நல்லா இருந்து, சில மணி நேரம் கழிச்சு மாறலாம். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது"ன்னு கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போகாதீங்க.

15/
அடுத்தது வயல்.

வடகரை, பண்பொழி, மேக்கரை பக்கம் அடவிநயினார் அணைத் தண்ணி பாயுற வயல்கள். காரும் பிசானமும் மாறி மாறி வரும். பூச்சி வந்தா மருந்தடிக்கணும். முதுகுல டேங்க், கையில குழாய், காலுல செருப்பு கூட இல்லாம அடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. சில பூச்சி மருந்தைத் தண்ணியில ஊத்தினதும் பால் மாதிரி வெள்ளையாகும். அது கரையல மக்களே. முனைவற்ற மருந்தை எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பானில் கலந்து, சோப்பு மாதிரி ஒரு தரகரைச் சேர்த்து விக்கறாங்க. தண்ணியில ஊத்தினா பொடிப்பொடித் துளியா மிதக்குது. அந்த வெள்ளைதான் அது.

கொழுப்புல கரையுற அந்த மருந்து தோல் வழியா உள்ளே போகும். வாய்க்குள்ள போகணும்னு அவசியமே இல்ல.

16/
இங்கே முதல் படி, அதாவது பிணைப்பு, தன் வேலையைக் காட்டும். தம்பி தங்கைகள் இதை ஊன்றிப் படிங்க.

ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தில் ரெண்டு மருந்து எடுத்துக்குவோம்.

மோனோகுரோட்டோபாஸ்: பாஸ்பரஸோட ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கு. வித்தியாசம் 1.25. தண்ணியில தாராளமா கலக்கும்.

குளோர்பைரிபாஸ்: அதே இடத்துல ஆக்ஸிஜனுக்குப் பதிலா கந்தகம். வித்தியாசம் 0.39. கார்பன்-ஹைட்ரஜன் அளவுக்கு வந்துடுச்சு பாருங்க. கூடவே குளோரின்கள் ஒட்டின ஒரு வளையம். ஒரு லிட்டர் தண்ணியில ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் கரையும். உடம்புக் கொழுப்புல போய்ப் பதுங்கும்.

17/
பாஸ்பரஸ் எவ்வளவுக்கு எவ்வளவு எலக்ட்ரானை இழக்குதோ, அவ்வளவுக்கு அது நம்ம நரம்பு நொதியைப் பிடிச்சு முடக்கும். ஆக்ஸிஜன் பலமா இழுக்கிறதால மோனோகுரோட்டோபாஸ் போனதும் வேலையைக் காட்டும். கந்தகம் மெதுவா இழுக்கிறதால குளோர்பைரிபாஸ் வந்த உடனே பெரிய விஷம் இல்ல. நம்ம கல்லீரல்தான் அந்தக் கந்தகத்தைக் கழட்டிட்டு ஆக்ஸிஜனை மாட்டி, அதைப் பல மடங்கு வீரியமான விஷமா ஆக்குது. அதுக்கு நேரம் எடுக்கும்.

"வர்றப்ப நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, ராத்திரி திடீர்னு மூச்சு நின்னுடுச்சு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கொழுப்புல பதுங்கினது மெல்ல மெல்ல வெளியே வந்து, கல்லீரல்ல மாறி, நரம்பைப் பிடிக்கும். அதனாலதான் நல்லா இருக்கிற நோயாளியையும் வார்டை விட்டு அனுப்ப மாட்டோம்.

அதனாலதான் குடிச்ச பாட்டிலை, ஸ்பிரே டப்பாவை, குறைஞ்சது லேபிள் போட்டோவையாவது கொண்டு வாங்கன்னு கெஞ்சறோம். எந்த மருந்துன்னு தெரிஞ்சா எத்தனை நாள் கவனிக்கணும்னு தெரியும்.

18/
மாற்று மருந்திலும் இதே கதை.

அட்ரோபின் மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போகும். பி.ஏ.எம் என்கிற பிராலிடாக்ஸிமில் நிரந்தரமா ஒரு நேர் மின்சுமை இருக்கு. கொழுப்புச் சுவரைத் தாண்டறது அதுக்குக் கஷ்டம், பெரும்பாலும் மூளைக்கு வெளியேதான் வேலை செய்யும். அதனால ஒண்ணு செய்யுற வேலையை இன்னொண்ணு செய்யாது. ரெண்டையும் பத்திப் படிக்கும்போது "இது மூளைக்குப் போகும், இது போகாது"ன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. மூலக்கூறைப் பாருங்க. அதுவே சொல்லிடும்.

19/
சரி, இதுவரைக்கும் படிச்ச எல்லாருக்கும் செய்ய வேண்டியது. இதைத் தனியா சேமிச்சு வச்சுக்கோங்க.

மண்ணெண்ணெய், தின்னர், கொசு விரட்டித் திரவம் குடிச்சா:

• வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி, விரல், சோப்புத் தண்ணி எதுவும் வேண்டாம்.
• தேங்காண்ணெய், பால், மோர்னு "முறிக்க" எதுவும் கொடுக்காதீங்க. வயிறு நிறைஞ்சா வாந்திதான் வரும்.
• நனைஞ்ச துணியைக் கழட்டுங்க. தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.
• தானா வாந்தி வந்தா பிள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க.
• இருமலோ வேகமான மூச்சோ இல்லைன்னாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. 108-ஐக் கூப்பிடுங்க.
• குடிச்ச பாட்டிலைக் கையோட கொண்டு வாங்க.

20/
பூச்சி மருந்து மேல பட்டாலோ, குடிச்சாலோ:

• நனைஞ்ச சட்டை, வேட்டி எல்லாத்தையும் உடனே கழட்டுங்க. வெட்கம் பார்க்க நேரம் இல்ல.
• வெறும் தண்ணி பத்தாது. சோப்பும் தண்ணியும் போட்டு, தலைமுடி, நகத்தடி, அக்குள் வரைக்கும் கழுவுங்க. மூச்சோ நினைவோ சரியில்லைன்னா 108 முதல்ல, கழுவறது அது வர்ற வரைக்கும்.
• தூக்கிட்டு வர்றவங்க கையுறை போடுங்க. இல்லைன்னா கை, உடம்பை நல்லா கழுவுங்க. அவர் துணியில் இருக்கிற விஷம் உங்க தோலுக்கும் ஏறும்.
• அந்தத் துணியைத் திரும்பப் போடாதீங்க.
• வியர்வை, எச்சில், கண்ணீர் கொட்டறது, கண்மணி சுருங்கறது, சதை துடிக்கிறது இதெல்லாம் அறிகுறி. வெயில்னு நினைச்சு விட்டுடாதீங்க.

மருந்து குடிக்கணும்னு தோணுற அளவுக்கு மனசு கனமா இருந்தா, யார்கிட்டயாவது பேசுங்க. 104 அல்லது 14416-க்கு அழையுங்க. இலவசம்.

21/
வீட்ல இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மண்ணெண்ணெய், தின்னர், பூச்சி மருந்து எதையும் தண்ணி பாட்டில்லயோ கூல்டிரிங்ஸ் பாட்டில்லயோ வைக்காதீங்க. பிள்ளைக்கு எட்டாத உயரத்துல, பூட்டி வையுங்க. தாகத்துல வர்ற பிள்ளைக்கு எல்லா பாட்டிலும் ஒண்ணுதான்.

22/
தம்பி தங்கைகளுக்குக் கடைசியா ஒரு வார்த்தை.

அரசுப் பள்ளியில படிச்சு 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் மருத்துவம் சேரப் போறவங்க நம்ம ஊர்லயும் இருக்கீங்க. ஒரு மூலக்கூறைப் பார்த்ததும் ரெண்டு கேள்வி கேளுங்க. வடம் எவ்வளவு பலமா இழுக்குது? எந்தத் திசையில இழுக்குது? ரெண்டுக்கும் விடை தெரிஞ்சா, அது ரத்தத்துல நிற்குமா, கொழுப்புல பதுங்குமா, மூளைக்குப் போகுமான்னு பாதி கணிச்சிடலாம். மீதிப் பாதியைக் கல்லூரியில் சொல்லித் தருவாங்க.

இழையைப் படிச்ச மத்தவங்க, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் வயல் வேலைக்குப் போற வீட்டுக்கும் 19, 20 ரெண்டையும் மட்டுமாவது அனுப்புங்க.



அரசு மருத்துவர்
வடகரை, தென்காசி மாவட்டம்